அனுபவமுள்ள தலைவர் தேவை

மார்ச் 3, காலை 9.40
எழுதுபவர்: தமயந்தி, நரம்பியல் ஆய்வகம்

கருவி சீராக இயங்குகிறது. ஒருவரின் தொழில் அனுபவத்தை இன்னொருவர் மூளையில் ஏற்றும். அனுபவத்தை மட்டும்தான், ஆளை அல்ல. இதை வைத்துக் கம்பெனி தொடங்கப் பல்கலைக்கழகம் போட்ட நிபந்தனை: அனுபவமுள்ள தலைவர் வேண்டும். கிடைக்காவிட்டால் கருவி வேறு யார் கைக்கோ போய்விடும். என் உயிரைக் கொடுத்துச் செய்தது! வந்து பார்த்த பெரிய மனிதர்கள் எல்லாம் எங்கள் உடைந்த நாற்காலியைப் பார்த்ததுமே நழுவிவிட்டார்கள்.

மார்ச் 11, பகல் 12.15

கோவையில் பம்ப் கம்பெனி நடத்தி ஓய்வுபெற்ற கோதண்டபாணி சாரும் மறுத்துவிட்டார். தொலைபேசிப் பதிவு:

"வயசாயிருச்சுங்க அம்மணி, வேலைக்கெல்லாம் வர முடியாதுங்க. வேணும்னா என்ற தலைல இருக்கறத எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணுங்க, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான் மொதல்ல வெளிய அனுப்பறது கண்டுபிடிச்சவங்களத்தான். கொழந்தையாட்டம் கட்டிப் புடிச்சுக்குவாங்க, யாவாரம் நடக்காது."

சிரித்துவிட்டேன். தங்கமான மனுஷன். ஏற்றிக்கொள்ளப் போவது நான்தான்.

மார்ச் 20, மாலை 4.05

சாரின் அனுபவத்தை ஏற்றிக்கொண்டு போய் முதலீட்டாளர் கூட்டத்தில் வெளுத்து வாங்கினேன். என்னையே தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் சர்க்கரை இல்லாத காபி கேட்டேன். எனக்கு அது ஆகவே ஆகாது.

கோதண்டபாணி சார் நேற்று மாரடைப்பில் இறந்துவிட்டாராம். அழுகை வரவில்லை. 'நான் இங்கேதானே இருக்கிறேன்' என்று தோன்றியது. சே, என்ன நினைப்பு இது.

ஏப்ரல் 2, காலை 11.30

விடுதியிலிருந்து மகளின் குரல்செய்தி:

"அம்மா, நேத்து என்னைய 'கண்ணு'ன்னு கூப்பிட்ட. எப்பவும் ஏட்டின்னுதான கூப்பிடுவ? பேசுனது நீ மாதிரியே இல்லம்மா. பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருக்கிறது. நான் நெல்லைக்காரி, கோவைக்காரர்களின் 'கண்ணு' எங்கிருந்து வந்தது? ஏற்றியதைக் கருவியாலேயே எடுத்துவிடலாம். நாளை எடுத்துவிடுவேன். கம்பெனி போனால் போகட்டும், எனக்கு என் பிள்ளை வேண்டும். அவள் பெயர்... பெயர்... மதிவதனி. மதிவதனி. மறக்கக் கூடாது.

ஏப்ரல் 3, காலை 9.00
எழுதுபவர்: தலைமை நிர்வாகி

முதல் வேலையாக, ஏற்றியதைத் திருப்பி எடுக்கும் பகுதியைக் கழற்றி உடைத்தாயிற்று. ஆய்வகம் பூட்டியாயிற்று. கண்டுபிடித்தவரை வெளியே அனுப்பிவிட்டேன். தலைக்குள்ளே கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் கேட்டது. வழக்கமாக நடப்பதுதான்.

யாரோ ஒரு பெண் காலையிலிருந்து ஓயாமல் அழைக்கிறாள். கம்பெனி விஷயம் இல்லை. யார் என்று கேட்டுச் செய்தி அனுப்பப் போனேன். விரல் தானாக 'ஏட்டி' என்று தட்டியது.

எங்கள் கோவைப் பக்கம் அப்படிச் சொல்ல மாட்டோம். அழித்துவிட்டேன்.