ஆமைத்தீவின் குரல்

சிந்தாதிரிப்பேட்டை
3.8.2025

வைதேகிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் தேற்றுவேன், என் கோபம் வீணாகும். அதனால்தான் கடிதம்.

யூடியூபில் உன் பேட்டியைப் பார்த்தேன். பள்ளிக்கூட நாளில் 'ஆமைத்தீவு' டிவி தொடரில் தீவுச் சிறுமி கயலாக நடித்தவளை இன்னும் இத்தனை பேர் தேடுகிறார்கள், சந்தோஷம். திருவான்மியூர் கடற்கரையில் தென்னங்கீற்றை நட்டுத் தீவாக்கியதைச் சொன்னாய். அட்டை முதலை உன் காலில் விழுந்ததைச் சொன்னாய். கயலுக்குக் குரல் கொடுத்தது யார் என்று கேட்டதும், "என் ஃப்ரெண்டு, ஒரு முஸ்லிம் பொண்ணு. அவா ஆத்துல ரொம்பக் கட்டுப்பாடு, பேர் போடக்கூடாதுன்னுட்டா" என்றாய்.

எங்கள் வீட்டிலா?

உனக்குத் துணையாக டப்பிங் ஸ்டுடியோவுக்கு வந்தவள் நான். எத்தனை முறை பேசினாலும் உன் கயல் மயிலாப்பூர்க்காரியாகவே இருந்தாள். கொள்ளைக்காரனைப் பார்த்து, "படகை எரிச்சுட்டேளா?" என்று நீ மரியாதையாகக் கேட்க, மூலையிலிருந்து சிரித்தேன். சிரித்தவளையே பேசச் சொன்னார் டைரக்டர். ஸ்டூல்மேல் நின்று, திரையில் உன் உதட்டைப் பார்த்து, தொடர் முழுக்கப் பேசினேன். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு அத்தாதான் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்து வீட்டு டிவியில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை அவர் எழமாட்டார்.

"உன் பேர் எங்கம்மா?"

"அடுத்த வாரம் வரும் அத்தா."

பேரை எடுக்கச் சொன்னது உன் அம்மா. "ரெண்டு பேர் போட்டா பாக்கறவாளுக்குக் குழப்பம்" என்று அவர் டைரக்டரிடம் சொன்னபோது, ஒரே கோலி சோடாவை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு நாம் அங்கேதான் நின்றோம்.

ஜுவேரியா

மயிலாப்பூர்
9.8.2025

என் ஜுவிக்கு,

அன்பை அடிக்காமலே அனுப்புகிறேன்.

அம்மா போய்விட்டாள். கேமரா முன்னால் அவளை எப்படி விட்டுக்கொடுப்பேன்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உன் அத்தா யூடியூபா பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

ஓர் உதவி. 24ஆம் தேதி தி. நகரில் தொடரின் ரசிகர்கள் விழா எடுக்கிறார்கள். மேடையில் கயலின் அந்தப் படகு வசனத்தைச் சொல்ல வேண்டுமாம். என் குரலில் சொன்னால் சிரிப்பார்கள். நீ பேசி அனுப்பினால் போதும், நான் வாயசைத்துவிடுவேன். பழையபடி. திட்டிக்கொண்டே அனுப்பு.

உன் வைதேகி

சிந்தாதிரிப்பேட்டை
13.8.2025

வைதேகி,

உன் கடிதத்தை என் மகள் சிம்ராவும் படித்தாள். "இன்னா தில்லு மம்மி இந்த ஆன்ட்டிக்கு! வாயை மட்டும் எடுத்துக்கினு வருவாங்களா?"

பேசி அனுப்பியிருக்கிறேன். வசனத்துக்குப் பின் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: "இந்தக் குரல் வலியுல்லாவின் மகள் ஜுவேரியாவுடையது." அதற்கும் வாயசை. நான் கேட்பது அவ்வளவுதான். அத்தாவை அழைத்து வருகிறேன். அவர் இருக்கும் நிலைமையில் இன்னொரு விழா வராது.

ஜுவேரியா

சிந்தாதிரிப்பேட்டை
25.8.2025

வைதேகி,

"படகை எரிச்சாலும் நீந்தி வருவேன்டா!"

நீ மூச்சு வாங்க நான் விட்டிருந்த இடத்தில் சரியாக வாங்கினாய். உடனே தொடரின் இசை வந்துவிட்டது. என் வாக்கியத்தை வெட்டியிருந்தாய். அரங்கம் கைதட்டியது, நீ கும்பிட்டாய்.

அத்தா என் பக்கம் சாய்ந்தார். "பேர் சொன்னாங்களாம்மா? காதுல வுழல."

அடுத்த வாரம் என்று இந்த முறை சொல்லவில்லை. எழுந்து நின்றேன். மைக் இல்லை, ஸ்டூல் இல்லை. வசனத்தையும் நீ வெட்டியதையும் சேர்த்துக் கத்தினேன். எல்லாத் தலையும் திரும்பியது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், மேடையில் உன் உதடு அசைந்தது. என் பேர் வந்ததும் நின்றுவிட்டது.

அத்தா மட்டும் தட்டினார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே, பிரிக்கமாட்டேன். கட்டுப்பாடு என்றாயே, அந்த மனிதருக்கு எழுது. பெரிய எழுத்தாக எழுது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் படித்துக் காட்டமாட்டேன்.

ஜுவேரியா