நடுச்சுவர்

தங்கச்சிக்கு,

அப்பா வீட்டை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்ட நமக்கு நடுவுல ஒரு சுவர்தான். இதுக்குக் கடுதாசியான்னு நீ கேப்ப. ஏழு வருஷமாப் பேசாதவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வாசல்ல வந்து நிக்கிறது.

சுவர்ல ஈரம் ஊறி, ஓதம் ஏறி, இடுப்பளவு உப்புப் பூத்துடுச்சு. கொத்தனார் குழந்தைராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன் வாழைக்குப் பாயுற தண்ணிதான் காரணம்னு அவர்கிட்டயும் சொன்னேன். நீ என் துவைக்கிற கல்லைக் குறை சொன்னதையும் மறைக்கல. எந்த மாசத்துல பூக்குதுன்னு கேட்டார். ஆத்துல தண்ணி வந்த பிறகுன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. காவிரி வந்தா நம்ம தெருவுல தரையடி ஊறுது, அதைச் சுவர் உறிஞ்சுது. வாழையும் இல்ல, கல்லும் இல்ல.

அன்னிக்கு நான் உன் வாழையை வெட்டியிருக்கக் கூடாது.

சுவர் ஒன்றரை அடி கனம். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல துளை போட்டுக் கெமிக்கல் ஊத்தினாத்தான் ஓதம் ஏறாதாம். வியாழக்கிழமை காலையில என் பக்கம் துளை போடுறாங்க. எந்த உயரம்னு உனக்குத் தெரியறதுக்கு நான் சுத்தியால மெதுவாத் தட்டுறேன். சம்மதம்னா அந்தப் பக்கத்துலேருந்து நீயும் தட்டு.

இந்தப் பக்கத்துலேருந்து,
அண்ணன்