வெள்ளை பெயிண்ட் அடித்த திருகு

காய்ச்சல் இல்லை, கம்ஷாத். நேற்று போனில் என் குரல் கம்மியிருந்ததற்குக் காரணம், இரண்டு ஸ்வெட்டரும் உன் அப்பாவின் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததுதான். நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், நடமாடுகிறேன் என்று வைத்துக்கொள். புசானில் இன்னும் குளிர் தொடங்கவில்லையாமே, அது போதும் எனக்கு.

பதினைந்தாம் தேதி ஊர்ப் பொதுக் கொதிகலனிலிருந்து, வீடுகளைச் சூடாக்கும் குழாய்களில் வெந்நீர் விட்டார்கள். தெரு முழுக்கச் சூடாகிவிட்டது, ஒன்றின் மேல் ஒன்றாக நம் வரிசையில் மட்டும் ஐந்து வீடும் ஜில்லென்று. குழாயில் சிக்கிய காற்று மேலே ஏறி நம் வீட்டு ரேடியேட்டரில்தான் உட்கார்ந்துகொள்ளும், ஐந்தாம் மாடிக்காரர் திருகைத் திறந்து அதை வெளியேற்றினால்தான் கீழே நான்கு வீட்டுக்கும் தண்ணீர் ஓடும், இருபத்தாறு வருடமாக நான் செய்கிற வேலை. இந்த முறை திருகு அசையவில்லை. ஜூனில் நீ வருகிறாய் என்று ரேடியேட்டருக்கெல்லாம் வெள்ளை எனாமல் அடித்தேன். இரண்டு கோட். திருகின் மேலும் அடித்திருக்கிறேன். நீ வரவில்லை. சொல்லிக்காட்ட எழுதவில்லை, லீவு கிடைக்காதது உன் தப்பா. பெயிண்ட் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி அக்போதாவுக்குப் பெண் பிறந்து பன்னிரண்டு நாள். பிள்ளைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு, பால் குடிக்கத் திணறுகிறது. அவள் அண்ணன் வீடு அடுத்த கட்டடத்தில் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் நாற்பது நாள் ஆகாமல் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது என்று மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பிள்ளையத் தூக்கினா நான் கதவுக்குக் குறுக்க படுத்துக்குவேன் என்றாளாம். அக்போதா பிரசவத் தையலோடு இரண்டு மாடி ஏறி வந்து, அக்கா, காத்து அடைச்சிருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன் என்றாள். பாத்துட்டேன்மா, கொதிகலன்லயே அழுத்தம் இல்லையாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. இரண்டாம் மாடி வெனியமின் படியில் நின்று, எதிர் வரிசைக்காரன் மட்டும் ஜட்டியோட திரியறானே, அவனுக்குத் தனிக் கொதிகலனா என்றார். நான் மேலே ஏறி வந்துவிட்டேன்.

குழாய்க்காரர் வந்து பார்த்து, கப்பலுக்கு அடிக்கற மாதிரி அடிச்சிருக்கீங்களே என்றார். திருகினால் உடையும், உடைந்தால் வெந்நீர் கீழ்வீடு வரை போகும், வரிசை முழுவதன் தண்ணீரையும் வடித்துத்தான் மாற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள். இன்று காலை தலைமுடி உலர்த்தும் மெஷினை அரை மணி நேரம் திருகின் மேல் பிடித்தேன். பெயிண்ட் குமிழ்விட்டது, ஊசியால் சுரண்டினேன், திருகுச் சாவியை வைத்துத் திருப்பினேன். உடைந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சீறல், நாற்றமடிக்கும் காற்று, ஏழு நிமிடம் போயிற்று, பிறகு கறுப்புத் தண்ணீர் சுவரில் பீய்ச்சியது. வாளி வைக்க மறந்திருந்தேன். மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். குழாய் வெதுவெதுத்துக் கீழே சலசலவென்று ஓடத் தொடங்கியது. சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை, களைப்புத்தான். கொதிகலன் சரியாகிவிட்டது என்றுதான் கீழே நினைத்துக்கொண்டிருப்பார்கள். என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

அறைக்குள் ஈரத்துணி காயப்போடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ போகிற வழி வெளிச்சமாக இருக்கட்டும், நல்லவர்கள் எதிரே வரட்டும். அடுத்த கோடையில் வருவதாக இருந்தால், டிக்கெட் எடுத்த பிறகு சொல்.

உன் அம்மா,
ரௌஷன்
தெமிர்தாவ், அக்டோபர் 22

பி.கு. உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன். மாமியாரும் இருந்தாள். கோளாறு கொதிகலனில் இல்லை, திருகின் மேல் பெயிண்ட் அடித்தது நான்தான் என்று சொன்னேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, அதனால் மெதுவாகச் சொன்னேன்.