என் பெயரை வெட்டிய எஃப்ஸ்கேன்எஃப்

சேசு மரி சூசை துணை

கடலூர் முதுநகர்

அன்புள்ள மகன் மரிய அருளுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் உன் உடம்பை மாதா காக்கட்டும். போனில் பேசினால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுவதும் படி.

உன் மகள் பெலிசியா பாஸ்! போன தடவை பெயிலானாளே, அதே சி ப்ரோகிராம் லேப் பரீட்சைதான்.

மாதா திருநாளுக்கு வந்தபோது மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "இன்னொரு தடவ பெயிலானா படிப்பு போதும், சின்னம்மா சொல்ற எடத்துல கட்டி வெச்சிடலாம்." உன் சின்னம்மா, அதாவது என் ஓரகத்தி ஜோதி மேரி, நீ பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து "கருப்பா கெடக்கு" என்று சொன்னவள். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திருநாளில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து நீ உன் மகளோடு பேசவும் இல்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, பெலிசியா பூசை முடிந்து வந்து தோழி இளமதியின் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். நம் குடும்பத்துப் பெயர்களை ஒரு பைலில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்து எத்தனை பேர் என்று ப்ரோகிராம் சொல்ல வேண்டும். அதுவோ இருப்பவர்களைவிட ஜாஸ்தி காட்டியது. மறுபடியும் பெயில்தான் என்று அழுதாள். என்னதான் சொல்லுது, படிச்சிக் காட்டு என்றேன்.

அது காட்டிய கணக்கில் உன் அப்பா தைரியராஜ் ஒரே ஆள். நானோ ஆரோக்கிய ஒருத்தி, ராணி ஒருத்தி! நீயும் இரண்டு. "செத்த மனுசன முழுசா வெச்சிட்டு, உசுரோட இருக்கறவள ரெண்டா வெட்டுதா?" என்று கத்தினேன். ஜோதி மேரியும் வெட்டுப்பட்டிருந்தாள். அது மட்டும் இருக்கட்டும் என்றேன்.

பெலிசியா அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் ஜோதி மேரிக்கு நடுவில் இருந்த இடைவெளியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். அவள் ஒரே ஆளாகிவிட்டாள். பைலில் தப்பில்லை, படிக்கிற கட்டளைதான் இடைவெளியைக் கண்டதும் நின்றுவிடுகிறதாம். அதற்குப் பெயர் எஃப்ஸ்கேன்எஃப். என் பெயரை வெட்டினவன் பெயரை நான் மறப்பேனா? அதைத் தூக்கிவிட்டு, வரியை முழுசாகப் படிக்கிற எஃப்கெட்ஸ் என்பதைப் போட்டாள். இடைவெளியைத் திரும்ப வைத்த பிறகும் எல்லோரும் ஒட்டிக்கொண்டோம்.

சிதம்பரத்தில் அவள் காலேஜில் பரீட்சைக்குக் கொடுத்த பைலில் இடைவெளி விட்டு இனிஷியல் போட்ட பெயர்கள். பக்கத்துப் பெண்ணுக்கு இனிஷியல் எல்லாம் தனித்தனி ஆளாக வந்ததாம். நம் பெண்ணுக்குச் சரியாக வந்தது. ஏன் இந்தக் கட்டளை என்று பரீட்சை வைக்க வெளியிலிருந்து வந்த சார் கேட்டிருக்கிறார். "எங்க ஆயா பேரு ரெண்டு வார்த்த சார், வெட்டுனா திட்டும்" என்றாளாம்.

நேற்று ரிசல்ட் வந்ததும் நேரே ஜோதி மேரி வீட்டுக்குப் போனேன். பெண் படிக்கிறாள், மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லிவிடு என்றேன். "மரிய அருளக் கேக்கலியேக்கா" என்று இழுத்தாள். "அவன பெத்தவ நானு, நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த காப்பியைத் தொடாமல் வந்தேன்.

ரிசல்ட் பார்த்ததும் பெலிசியா முதலில் உனக்குத்தான் போன் போட்டாளாம். நீ எடுக்கவில்லை. அவள் சொல்லவில்லை, இளமதி சொன்னாள். நான் மன்னிக்காமல் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அவர்களோடு உன்னையும் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. இதை மடித்து வைக்குமுன் உன் மகளைக் கூப்பிட்டுப் பேசு, ராசா. மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன் அம்மா
ஆரோக்கிய ராணி