தாடி எடுக்க ஒரு ப்ரஷ்

1974 செப்டம்பர் 11, புதன்
விடியலிலிருந்து தூறல். கும்மிடிப்பூண்டி முழுக்கச் சேறு. காலை ஷிப்ட். உலைப் பக்கம் போகும்போது மேஸ்திரி தாடியைக் காட்டி, "இன்னும் எதுக்குபா இது? பொறி பட்டா மூஞ்சி பூடும். எட்த்துடு" என்றார். சரி என்றேன்.

ஏழு மாதத் தாடி. தனம் முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து முகத்தில் கத்தி வைக்கவில்லை, எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளை பிறந்ததும் எடுப்பதாக இருந்தேன். பிறந்தான். இரண்டாம் நாளே போய்விட்டான். தந்தி கிடைத்து, ரயில் மாறி, பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டை மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், புதைத்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. எப்படி இருந்தான் என்று தனத்தைக் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றோடு பதினாறு நாள்.

செப். 12, வியாழன்
புழுக்கம். பெட்டியிலிருந்து சவர சாமான்களை எடுத்தேன். ரேசர் சரி. ப்ளேடு இரண்டு. ப்ரஷ்ஷைக் கரப்பான் தின்றுவிட்டது, மிச்சம் கட்டை மட்டும். ரூம்காரன் முனிரத்தினம், "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? சலூன்ல போய் குந்து, அஞ்சு நிமிசம்" என்றான்.

போனேன். சலூன்காரர் துண்டைப் போர்த்தும்போதே ஒரே சிரிப்பு. "தாடி எட்க்க வந்துட்டியா! இன்னா பொறந்துது, பையனா பொண்ணா? முட்டாய் எங்க?"

அவர்மேல் தப்பில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி நானே செய்துகொள்ள வேண்டியதுதான்.

செப். 13, வெள்ளி
இன்று சவரம் ஆகாது. ப்ரஷ் வாங்கி வைக்கலாம். ஷிப்ட் முடிந்து கடைத்தெரு. கையில் நாலு ரூபாய். பார்த்தவை:
நைலான், 1.25. தண்ணீர் பிடிக்காது. கன்னத்தைக் குத்துகிறது.
பன்றி முடி, ப்ளாஸ்டிக் பிடி, 2.50. இழுத்ததும் நாலு முடி கையோடு.
பன்றி முடி, மரப்பிடி, 3.75. இழுத்தேன், வரவில்லை. உள்ளங்கையில் அழுத்தினேன், வளைந்து நிமிர்ந்தது.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை விலையே கேட்கவில்லை.

கடைக்காரர்: "இன்னா நைனா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்குற? அந்த மரப்பிடிய எட்த்துக்கினு போ. ஒரு நாள் தண்ணில ஊற வை, நாத்தம் பூடும்."

வாங்கினேன். தெருவுக்கு வந்ததும் அழுகை. ஒரு ப்ரஷ்ஷை இவ்வளவு நேரம் தொட்டுத் தடவிப் பார்த்தேன். அவனை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

செப். 15, ஞாயிறு
இரண்டு நாள் லீவு சொல்லியாயிற்று. விடிந்ததும் தாடியைக் கத்தரிக்கோலால் வெட்டி, பிறகு சோப்பு. நல்ல நுரை. ஒரு முடிகூட உதிரவில்லை. கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் தடவித் தடவியே செய்தேன், இரண்டு இடத்தில் வெட்டு. முனிரத்தினம் டீ வாங்கி வந்து கொடுத்தான். நல்லவன்.

பொதட்டூர்பேட்டை போய்ச் சேர மணி நாலு. மாமியார் வாசலிலேயே, "வாய தொறக்க மாட்றா மாப்ள. நீங்களாவது பேசுங்க" என்றார். தனத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளாகவே திரும்பினாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து உட்கார்ந்து என் மோவாய்க் குழியில் விரலை வைத்தாள்.

"இதான் மாமா. இதே குழி. இதே வாயி. ஊட்ல எல்லாரும் பாத்தோம், நீதான் பாக்கல."

அவனைப் பற்றி அவள் பேசியது இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

செப். 16, திங்கள்
நல்ல வெயில். தனம் கஞ்சி குடித்தாள், அரை டம்ளர். பிறகு சொம்புத் தண்ணீர், சோப்பு, ப்ரஷ் எல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நேத்து தான பண்ணேன்" என்றேன்.

"வளந்துட்டா மறைஞ்சிடும் மாமா. தெனம் பண்ணு."