கவிழ்ந்த மந்திரிசபையின் கடன்

ஏப்ரல் 2, 1885. லண்டன்.

காலையிலிருந்து மழை. ஹாரியட் ஜன்னலை விட்டு நகரவில்லை. எங்கள் ஊரில் மூன்று வருஷமாகப் பெய்யாததெல்லாம் இங்கே ஒரே தெருவில் பெய்து வீணாகிறதாம். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்தவள் என் மனைவி. சாக்கடையில் ஓடும் தண்ணீரைக்கூடப் பொறாமையோடு பார்க்கிறாள்.

மதியம் தரகர் லாசெல்ஸ் வந்தார். எங்கள் காலனி அரசுக்குப் பத்து லட்சம் பவுன் கடன், நான்கு சதவீத வட்டி. நூறு பவுன் பத்திரத்துக்குக் குறைந்த விலை தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் யார் எவ்வளவு தருவார்கள் என்று எழுதி மூடிய உறைகளை இருபத்திரண்டாம் தேதி வங்கியில் திறப்பார்கள். சுலபமாக முடியும் என்கிறார். ரயில் பாதை பாதியில் நிற்கிறது, ஜூனுக்குப் பிறகு கூலி கொடுக்கப் பணமில்லை – இதை ஒரு நிதிமந்திரி எவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாசூக்காகச் சொன்னேன்.

இரவு ஆட்டிறைச்சி. நம் பக்கத்து ஆடுதான். பனிக்கட்டியாய் உறைந்து கப்பலில் வந்தது. நம்மைவிட அது சௌகரியமாகப் பயணம் செய்திருக்கிறது என்றாள் ஹாரியட்.

ஏப்ரல் 9

ஆப்கன் எல்லையில் ரஷ்யர்கள் சுட்டுவிட்டார்கள். ரஷ்யாவோடு பிரிட்டனுக்குப் போர் வரும் என்று தெருவெல்லாம் பேச்சு. சந்தையில் எல்லாப் பத்திரங்களும் விழுகின்றன.

ஏப்ரல் 10

லாசெல்ஸ் தள்ளிப்போடச் சொல்கிறார். எப்படி முடியும்? குறைந்த விலையைத் தொண்ணூற்றாறாக இறக்கச் சம்மதித்தேன். மனம் கேட்கவில்லை. ஆனாலும் மாலையில் ஹாரியட்டோடு பூங்காவில் நடந்தபோது இதையெல்லாம் மறந்துதான் போனேன்.

ஏப்ரல் 15

ஊரிலிருந்து தந்தி. எங்கள் மந்திரிசபை இரண்டு ஓட்டில் தோற்றுவிட்டது. இனி ஆளப்போகிறவன் எதிர்க்கட்சித் தலைவன் டன்ஸ்டன் க்ரோல். இந்தப் பாதை காக்காய்க்கும் கங்காருவுக்கும்தான் என்று ஊர் ஊராகப் பேசியவன்.

லாசெல்ஸ் தந்தியை இரண்டு முறை படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது உங்க பையிலயே இருக்கட்டும் சார். ஒரு வாரம்தானே? இந்தப் போர்ச் சத்தத்துல உங்க ஊர்ச் செய்திய இங்க எந்தப் பத்திரிகை போடப்போகுது?"

சட்டப்படி குற்றமில்லைதான். சட்டசபை அனுமதித்த கடன்; ஆட்சி மாறினாலும் செல்லும். அப்புறம் ஏன் இந்தத் தந்தி பையில இப்படிக் கனக்குது? நாளைக்கு க்ரோல் பாதைய நிறுத்திட்டான்னா, பணம் போட்டவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? நான் இப்ப மந்திரியா, இல்ல சுற்றுலா வந்தவனா?

ஹாரியட்டிடம் சொன்னேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"பணம் தர்றவங்க யாரை நம்பித் தர்றாங்க? உங்களையா?"

ஊரை நம்பி என்றேன்.

"அப்ப ஊர்ல நடந்ததச் சொல்லிடுங்க. சொல்றதுக்கு முன்னாடி க்ரோல் என்ன செய்யப்போறார்னு அவரையே கேளுங்க."

"அவன்கிட்டப் போய் நானா?"

"வேற யாரு? பொம்பளைக்கு ஓட்டு ஏது? என்கிட்ட அவர் ஓட்டுகூடக் கேட்டதில்லையே."

தந்தி அலுவலகம் மூடுவதற்குள் ஓடிப்போய் க்ரோலுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16

பதில் இல்லை.

ஏப்ரல் 17

வந்தது. "கடனை வாங்குங்கள். பாதையை முடிப்போம். வேலை முடியும்வரை அங்கேயே இருங்கள். சண்டையை ஊரில் வைத்துக்கொள்வோம். க்ரோல்."

நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன். அந்த மனுஷனைப் பற்றி நான் மேடைகளில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பாதியாவது உண்மை. மற்ற பாதியை இனிப் பேச முடியாது.

ஏப்ரல் 18

இரண்டு தந்திகளையும் அப்படியே பத்திரிகைகளில் போடச் செய்தேன். லாசெல்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "தன் கடைய மூடப்போறேன்னு காசு குடுத்து விளம்பரம் பண்ண மொத ஆள் நீங்கதான் சார்."

ஏப்ரல் 22

முடிந்தது!

உறைகளைத் திறந்தார்கள். முதலில் வந்ததெல்லாம் சின்னத் தொகைகள். லாசெல்ஸ் என் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். பிறகு பெரியவை வரத் தொடங்கின. கடைசியில், நாங்கள் விற்க வந்தது பத்து லட்சத்துக்கு; பதினோரு லட்சத்துக்கு மேல் பத்திரம் கேட்டிருந்தார்கள். விலை தொண்ணூற்றாறுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். போதும்.

மாடிப்படியில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஆக்டர்லோனி என்று பெயர், காப்பீட்டுக் கம்பெனி நடத்துகிறவர், கைகுலுக்கினார். ஐம்பதாயிரம் பவுனுக்குப் பத்திரம் கேட்டிருந்தாராம். இந்த நேரத்தில் எந்தத் தைரியத்தில் என்று கேட்டேன்.

"ஆள்றவன் வாக்குக் குடுத்தா நான் பாதிதான் நம்புவேன். அவனைக் கவுத்தவனும் அதே வாக்கைக் குடுத்தா, அப்புறம் பயப்பட யாரு இருக்கா?"

லாசெல்ஸ் எனக்கும் ஹாரியட்டுக்கும் சிப்பி விருந்து வைத்தார். எல்லாம் தன் யோசனைதான் என்று அதற்குள் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும்.

ஏப்ரல் 23

நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 11, 1886. டாரின் ஸ்டேஷன்.

பாதையை க்ரோல் திறந்துவைத்தார். கொல்லர் முதல் கவர்னர் வரை எல்லோருக்கும் நன்றி சொன்னார், என்னைத் தவிர. ரயில் கிளம்பியதும் தன் பெட்டியை விட்டு எங்கள் பெட்டிக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். ஹாரியட் இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தில் அவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த கடனுக்கு யாரை அனுப்பறதுன்னு பாத்துட்டிருக்கேன். எதிர்க்கட்சி ஆளா இருந்தா நல்லதுன்னு லண்டன்லேர்ந்து எழுதியிருக்காங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஹாரியட் வெளியே பார்த்துச் சிரித்தாள்.

வழியில், இந்த டாரினில், கோதுமை மூட்டைகள் ஏற்ற ரயில் வெகுநேரம் நின்றது. திங்கட்கிழமை க்ரோல் கொண்டுவரும் நிலவரியை எதிர்த்துச் சட்டசபையில் நான் பேச வேண்டும். அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இறங்கி, மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நிழலில் நின்றோம்.