பனி தங்காத பாதை

ஹெய்க்கி ஓடை, மிச்சிகன்
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள டேரிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் கிறிஸ்டாவும் அங்கே ஃபீனிக்ஸ் வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே நானும் கொல்லையில் நிற்கிற விறகு பாய்லரும் சௌக்கியம். போனில் என்னை விசாரிப்பதற்கு முன்னால் நீ பாய்லரைத்தான் விசாரிக்கிறாய் என்பதால் அதன் நலத்தையும் சேர்த்தே எழுதிவிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் உனக்கு "ஒரு கஸ்டமர் கூப்பிடறாரும்மா, அப்புறம் பேசறேன்" என்று வந்துவிடுகிறது. ஊரார் வீட்டுக்கெல்லாம் ஏசி மாட்டிக் குளிரவைக்கிற வேலை, நிற்க நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தை யாரும் பாதியில் வெட்டிவிட முடியாது, அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டை விற்க நீ அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. இப்போது என் காபிக் கோப்பைக்கு அடியில்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய், கிழவிக்குக் கண் தெரியாது என்ற அக்கறை. பனி உருகுவதற்குள் போட்டு அனுப்பிவிட வேண்டும், நான் டவுனில் அந்த முதியோர் குடியிருப்பில் ஓர் அறைக்குப் போய்விட வேண்டும், அங்கே சுவரில் ஒரு குமிழைத் திருகினால் சூடு வரும். காரணம் நீ அப்பாவின் சவ அடக்கத்தன்றே சொல்லிவிட்டாய். விறகுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, "இவ்வளவு விறகா எரிக்கறீங்க? அப்பாவாலயே முடியல, உன்னால எப்படிம்மா முடியும், உனக்கு அந்த பாய்லர் கதவைச் சரியா மூடக்கூடத் தெரியாது" என்றாய். நம் கோர்டியின் பெண்டாட்டி எல்சி என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவே இல்லை. ஏன் நிமிரவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எனக்குக் கதவை மூடத் தெரியும் டேரில். திறக்கவும் தெரியும், ஒரேயடியாகத் திறந்தால் உள்ளே அடைந்த புகை குப்பென்று பற்றிப் புருவத்தைப் பொசுக்கும் என்று தெரியும், ஒரு விரற்கடை திறந்து அது மூச்சு விட்ட பிறகுதான் முழுக்கத் திறக்கிறேன். காலையும் மாலையும் விறகு போடுகிறேன். சாம்பலை வாரும்போது கங்குகளை ஒதுக்கிவைத்துக்கொண்டு வாருகிறேன். கதவு விளிம்பிலும் புகைபோக்கியிலும் படிகிற தார் மாதிரியான கரியைச் சுரண்டுகிறேன், தண்ணீர் மட்டம் பார்க்கிறேன், துருப்பிடிக்காமல் இருக்க அந்த மருந்தை ஊற்றுகிறேன், பச்சை விறகு பக்கம் போவதில்லை, காய்ந்த மேப்பிளும் பிர்ச்சும்தான். கோட்டுக்கு மேல் உன் அப்பாவின் கோட்டையும் போட்டுக்கொண்டு போகிறேன், கரடி போல இருக்கிறேன் என்று எல்சி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நீ அந்த பாய்லரைக் கொண்டுவந்த கோடை உனக்கு நினைவிருக்கும். அப்பா விறகை நிலவறைக்குள் சுமந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, அடுப்பே வீட்டுக்குள் வேண்டாம், கொல்லையில் நிற்கட்டும், வெந்நீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வந்து வீட்டைச் சூடாக்கட்டும் என்றாய். நல்ல எண்ணம்தான். குழாய் போடும்போது கோர்டியைக் கூப்பிட்டுக் கேள், இந்தச் சாலையில் பாதி வீட்டுக்கு அவன்தான் போட்டான், நம் கொல்லை தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மண் என்று அப்பா சொன்னார். "அப்பா, எனக்குத் தொழிலே இதுதான்" என்றாய். உன் தொழில் மண்ணே நனையாத ஊரில். இரண்டு வாரம் தோண்டினாய், புதைத்தாய், புல் விதை தூவினாய், பனி விழுமுன் விமானம் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு குளிர்காலத்திலும் நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. முதல் பெரிய பனி கொட்டியது, இடுப்பளவு. விடிந்து கதவைத் திறந்தால் கொல்லை முழுக்க வெள்ளை, நடுவில் மட்டும் பின்கதவிலிருந்து பாய்லர் வரைக்கும் பச்சைப் புல்லாக ஒரு பாதை, தையல் போட்டது போல நேராக. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா வழுக்கி விழக் கூடாது என்று பையன் யோசித்துச் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லோரிடமும் சொன்னேன், என் டேரில் எனக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறான், மண்வாரியைத் தொடவே வேண்டாம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிருக்கும் "பாதை எப்படி இருக்கு வெர்னா?" என்று விசாரிப்பார்கள், நானும் பல்லை இளித்துக்கொண்டு "அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு" என்பேன். வெட்கக்கேடு.

இதில் உன் அப்பாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமை சௌனா உனக்குத் தெரியுமே, கோர்டியும் எல்சியும் வருவார்கள், அந்த நீராவிக் குடிசைக்குப் போக அந்தப் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை காலையானால் மனிதர் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பக்கமும் இருக்கிற பனியை அள்ளி அந்தப் பாதை மேல் போடுவார். ஊரே பாதையில் இருக்கிற பனியை அள்ளி ஓரத்தில் போடும், இவர் ஓரத்திலிருந்து அள்ளிப் பாதையில் போடுகிறார்! போட்டுவிட்டுத் தட்டிச் சமன் வேறு செய்வார். ஞாயிறு அது உருகிவிடும், மறுபடி அடுத்த சனி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "புத்தி கெட்டுப் போச்சா ரெய்னோ, பையன் பாசமா போட்ட பாதையை மூடறீங்களே" என்று கத்துவேன். "புல்லு கருகிடும் வெர்னா, அதுக்குத்தான்" என்பார். ஜனவரியில் யாருடைய புல் கருகுகிறது? நான் அவருக்கு வயதாகிவிட்டது என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

விறகு மட்டும் ஒரு வருடமும் போதவில்லை. அப்பா ஒவ்வொரு வருடமும் கூடுதலாக வெட்டினார், கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை போட்டார், அதுவும் மார்ச்சில் காலியாகும், வீடு அப்போதும் வெதுவெதுப்புதான், நான் ஸ்வெட்டரோடுதான் சமைப்பேன். நீ போனில் கதவை மூடு, கதவை மூடு என்பாய், அவர் நான் இருக்கும்போது உன்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார், போனை என்னிடம் நீட்டிவிட்டு ரம்பத்துக்குச் சாணை பிடிக்கப் போய்விடுவார். போன ஏப்ரலில் இந்தக் குளிருக்கான விறகை வெட்டி, பிளந்து, இரண்டு கொட்டகையையும் கூரை முட்ட அடுக்கிவிட்டார். போதும் என்றேன், இன்னும் ஒரு மரம் என்றார். அந்த ஒரு மரத்துக்குப் போனவரைத்தான் கோர்டி காட்டிலிருந்து தூக்கி வந்தான். வெட்டிய அடிமரத்தின் மேல் உட்கார்ந்தே இருந்தார், மோட்டார் ரம்பத்தை ஒழுங்காக நிறுத்திப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அக்டோபரில் கோர்டி வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, "வெர்னா, மண்ணு உறையறதுக்குள்ள அந்தக் குழாயைத் தோண்டி மாத்திடலாம், நீங்க தனியா இருக்கீங்க" என்றான். எனக்கு வந்ததே கோபம். என் பையன் போட்டது, நீ கை வைக்காதே, உனக்குப் பொறாமை என்றேன். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். "பனி தங்கலைன்னா அது பாதை இல்ல வெர்னா. வீட்டுக்கு வர வேண்டிய சூடு மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம். பாதி விறகு புழுவுக்குத்தான் எரியுது. இங்க சின்னப் பசங்களுக்கும் தெரியும்." அப்படியானால் இத்தனை வருடம் உங்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று கேட்டேன். முதல் குளிரிலேயே ரெய்னோவிடம் சொன்னானாம், சௌனாவில் உட்கார்ந்து. நானே சும்மா மாற்றித் தருகிறேன் என்றானாம். உன் அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டாராம். "பையன் லீவு போட்டு வந்து தன் கையால தோண்டிப் போட்டது. அதைப் புடுங்கிப் போட்டா அவனுக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் இந்தப் பக்கம் வருவானா? விறகுதானே கோர்டி, வெட்டிக்கலாம். வெர்னாகிட்ட மட்டும் மூச்சு விடாதே, அவ அந்தப் பாதையை ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கா."

சனிக்கிழமைதோறும் மனிதர் பனியை அள்ளி மூடியது, வருகிறவர்கள் கண்ணில் உன் பிழை படக் கூடாது என்றுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் நானே கோர்டி வீட்டுக்குப் போய்த் தோண்டு என்றேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குழியைத் திறந்ததும் ஆவி வந்தது டேரில், வெளியே விரல் விறைக்கிற குளிரில் மண்ணிலிருந்து ஆவி. நீ குழாய்க்குச் சுற்றிய அந்த மெல்லிய பஞ்சு தண்ணீரில் ஊறி, வெந்த முட்டைக்கோஸ் மாதிரி கையோடு வந்தது. கட்டை விரல் மொத்தத்தில் புழுக்கள், ஒரு தவளை வேறு, கொழுகொழுவென்று. இந்த வீட்டில் குளிர் தெரியாமல் இருந்தது அதுகள்தான். கோர்டி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, கனமாகப் பஞ்சு சுற்றிய புதுக் குழாய் புதைத்தான். நீ அப்பாவைக் கொன்றாய் என்று நான் சொல்லவில்லை, டாக்டர் இதயம் என்றார், அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனால் மனிதர் தன் கடைசி வருடங்களில் பாதியை மண்ணைச் சூடாக்க வெட்டினார், நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர் பயந்தது போல உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தபோதும் நீ வரவில்லை, நான் திறந்ததால் என்ன குறைந்துவிடும்.

கொஞ்சம் பொறு, இருட்டுகிறது, விறகு போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நேற்று ராத்திரி பனி கொட்டியது. கொல்லை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே வெள்ளை, பாதை இருந்த சுவடே இல்லை. இப்போது நான் போவதற்கு மண்வாரி பிடிக்க வேண்டியிருக்கிறது, முதுகு விட்டுப்போகிறது, ஆனால் உள்ளே கையில்லாத சட்டையோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வரும்போது இரண்டாவது கொட்டகையைத் திறந்து பார்த்தேன். பிப்ரவரி முடியப் போகிறது, அதிலிருந்து ஒரு கட்டையைக்கூட நான் எடுக்கவில்லை. உன் அப்பா அடுக்கியபடியே இருக்கிறது, பட்டை மேலே பார்த்தபடி, ஓரத்தில் சன்னமான சுள்ளிகள் எனக்கென்று தனியாக. புழுவுக்கென்று வெட்டியது எனக்கு மிஞ்சிவிட்டது. அடுத்த குளிர் முழுக்க வரும் என்கிறான் கோர்டி. அங்கேயே நின்று அழுதேன், சவ அடக்கத்தில்கூட அழாதவள். நான் எங்கும் போகவில்லை. இன்னும் ஒரு குளிர்காலத்துக்கு என் புருஷன் இந்த வீட்டைச் சூடாக்கப் போகிறார், அதற்கு நடுவில் நான் எவன் குமிழையும் திருகப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் கூரை மேல் ஏறினால் தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் நிறையக் குடி. கிறிஸ்டாவைக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பார், அதை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கோபமான நாளிலும்.

மறக்காதே: அந்தக் காகிதங்களை இன்னொரு தடவை அனுப்பாதே. சற்று முன் விறகு போடப் போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் பாய்லரில் போட்டேன். வழவழப்புத் தாள், சரியாகப் பற்றவில்லை, புகைதான் வந்தது. வருவதானால் சனிக்கிழமை வா, சௌனா சூடாக இருக்கும். அப்பாவின் மண்வாரி பின்கதவுக்குப் பக்கத்தில் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உன் அம்மா,
வெர்னா